பேயைத் தேடுவோரும் பிள்ளையைத் தேடுவோரும்

பேய் உண்டா, இல்லையா என்பது இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள் அன்று. உண்டு என்பாரே அதனை நிறுவக் கடமைப்பட்டவர். நாம் எழுப்ப விரும்பும் வினாக்கள் வேறு. பேயைச் செய்பவர் யார்? செய்த பேயைச் சந்தைக்குக் கொண்டுவருபவர் யார்? அதனை 'ஆராய்கிறோம்' என்று கருவிகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் புறப்படுவோர் உண்மையில் எதனை ஆராய்கின்றனர்? இவ்வினாக்களை வன்னி மண்ணில் நின்று கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பாடசாலைகளில் உயர்தர வகுப்பிற் பயிலும் பிள்ளைகள் இரவில் கைத்தொலைபேசியிற் பார்க்கும் காட்சிகளுள் 'அமானுஷ்ய ஆய்வு' என்னும் பெயரில் வருவனவும் உள. பாழடைந்த ஒரு வீடு, பச்சை நிறம் பூசிய இருட்டு, மூச்சு வாங்கும் ஓர் இளைஞன், அவன் கையில் ஒளிரும் ஒரு மானி. மறுநாள் அப்பிள்ளைகள் பௌதிக ஆசிரியரிடம், "அந்த மானி தானாகவே ஏறி இறங்கியதே, சேர். அது எப்படி?" என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. கேட்கும் பிள்ளையை எள்ளி நகைப்பவர் ஆசிரியர் என்னும் பெயருக்குத் தகுதியற்றவர். ஆனால், ஆராய்ச்சி என்றால் இதுதான் என்று அப்பிள்ளைக்குக் கற்பித்தவர்கள் யார், அவர்கள் கல்விக் கட்டணமாக எதனை அறவிடுகின்றனர் என்பதை நாம் கேட்டேயாக வேண்டும்.

நீல உடைப் பெண்ணும் மறைந்திருந்த ஒலிபெருக்கியும்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே, பசிபிக் கடலோரத்தில் மொஸ் பீச் என்றோர் ஊர் உண்டு. மதுவிலக்குச் சட்டம் நடைமுறையிலிருந்த 1927ஆம் ஆண்டில் அங்கு 'ஃபிராங்ஸ் பிளேஸ்' என்னும் உணவகம் எழுந்தது. சட்டத்துக்கு மறைவாக மது அருந்தத் திரைப்பட நடிகரும் அரசியல்வாதிகளும் அங்கு வந்து போயினர். இன்று அதன் பெயர் 'மொஸ் பீச் டிஸ்டிலறி'. அவ்வுணவகத்துக்கு ஒரு கதையும் உண்டு. நீல உடை உடுத்த பெண்ணொருத்தி அங்குப் பியானோ வாசித்தவனைக் காதலித்தாளாம். கணவனுக்குத் துரோகம் செய்து கடற்கரையிற் கொலையுண்டாளாம். அவளது ஆவி இன்னும் அங்கே உலவுகிறதாம். 'அன்சால்வ்ட் மிஸ்டரீஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர் இக்கதையை நாடெங்கும் பரப்பியது.

2008ஆம் ஆண்டில் 'கோஸ்ட் ஹன்டர்ஸ்' என்னும் மற்றொரு தொடரின் குழுவினர் அவ்வுணவகத்தை ஆராய வந்தனர். இத்தொடர் 2004இல் தொடங்கியது. அதனை நடத்திய ஜேசன் ஹோவ்ஸ், கிராண்ட் வில்சன் ஆகிய இருவரும் குழாய் திருத்தும் தொழிலாளராக இருந்தவர்கள். சுவருக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று அறிந்தவர்களாதலால், தேட வேண்டிய இடத்தைத் தேடினர். மகளிர் கழிப்பறையிற் கேட்ட பெண் சிரிப்பு, மறைத்து வைக்கப்பட்ட ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. கண்ணாடியில் திடீரெனத் தோன்றிய பெண்முகம், கண்ணாடிக்குப் பின்னாற் பொருத்திய அமைப்பிலிருந்து வந்தது. தாமாக ஊசலாடிய விளக்குகளைப் பொறியொன்று ஆட்டியது. நீல உடைப் பெண்ணின் ஆவி, மின்கம்பி வழியாக நடமாடியது!

பொய் வெளிப்பட்டது. பிறகு என்ன நிகழ்ந்தது? உணவகம் மூடப்பட்டதா? கதை செத்ததா? இல்லை. உணவகம் முன்போலவே நடந்தது. நீல உடைப் பெண்ணும் முன்போலவே உலவினாள். தொலைக்காட்சி நிலையமோ ஒரு வாரத்து நிகழ்ச்சியை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, அடுத்த வாரம் அடுத்த பேய்வீட்டை நோக்கிப் புறப்பட்டது. பேயைச் செய்தவனுக்கும் இலாபம். பேயைப் பொய்யென்று காட்டியவனுக்கும் இலாபம். பார்த்தவனுக்கோ, 'இந்த இடம் போலி. அப்படியானால் மற்ற இடங்களெல்லாம் உண்மை போலும்' என்னும் எண்ணமே மிஞ்சியது. ஒரு பொய்யை அம்பலப்படுத்துவதே ஆயிரம் பொய்களுக்கு நற்சான்றிதழ் வழங்கும் உபாயமாயிற்று.

இன்னுமொன்று. அதே 2008ஆம் ஆண்டின் ஒக்டோபர் 31ஆம் நாள் இரவு, இக்குழுவினர் டெலவேர் கோட்டையிலிருந்து நேரடி ஒளிபரப்பு நடத்தினர். அதில் வில்சனின் மேற்சட்டைக் கழுத்துப்பட்டியைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று பின்னாலிருந்து இழுப்பதுபோற் காணப்பட்டது. அவரே இழுத்தார் என்று பார்வையாளர் பலர் குற்றஞ்சாட்டினர், குழுவினர் மறுத்தனர். யார் சொல்வது மெய் என்று நாம் தீர்ப்புக் கூறவேண்டியதில்லை. தீர்ப்புக் கூறத்தக்க நடுநிலையான ஏற்பாடு எதுவும் அந்நிகழ்ச்சியில் இருக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. உணவகத்தைச் சோதித்தவர்களைச் சோதிக்க ஆளில்லை.

விளக்கை அணைத்துவிட்டுத் தேடுவோர்

இத்தொலைக்காட்சி ஆராய்ச்சியின் முறைதான் யாது? முதலில் விளக்கை அணைக்கின்றனர். ஏன் அணைக்க வேண்டும்? வன்னியிலே மாடு தவறிவிட்டால் லாந்தரை எடுத்துக்கொண்டு தேடுகிறோம். குளத்து மதகிலே நீர் கசிந்தால் விடியும்வரை காத்திருந்து பார்க்கிறோம். உள்ளதை அறிய விரும்புவோர் ஒளியைக் கூட்டுவர். ஒளியைக் குறைப்போர் இல்லாததைக் காட்ட விரும்புவோர். இருட்டிலே கண் தவறு செய்யும். காது பெருக்கிக் கேட்கும். மனம் இடைவெளியை இட்டு நிரப்பும். இதனை அறிந்தே விளக்கு அணைக்கப்படுகிறது.

அடுத்து, கருவிகள். மின்காந்தப் புலத்தை அளக்கும் மானியைக் கையிலேந்தித் திரிகின்றனர். அது மின்கம்பியிற் கோளாறு தேடும் தொழிலாளிக்கு உரிய கருவி. சுவருக்குள் ஓடும் கம்பி, நீர் இறைக்கும் மோட்டர், சட்டைப் பையிலிருக்கும் தொலைபேசி ஆகிய எதுவாயினும் அம்மானியை அசைக்கும். பேயின் புலம் இவ்வளவு என்று எவரும் என்றும் அளந்ததில்லை. ஆகவே, முள் அசைந்ததைக் கொண்டு பேய் வந்தது என்று கூறுவதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. தொலைவிலிருந்து வெப்பநிலை காட்டும் கருவி, எதிரேயுள்ள சுவரின் மேற்பரப்பை அளக்கும். 'குளிர்ந்த ஆவி' நிற்கும் வெளியை அளக்காது. நிழற்படத்தில் மிதக்கும் ஒளியுருண்டைகள், ஒளிச்சிமிட்டுக் கருவியின் வெளிச்சம் பட்டுத் திரும்பும் தூசித் துகள்களே. கோடையிற் செம்மண் தெருவோரத்தில் நின்று இரவிலே படமெடுத்தால் எந்தப் பிள்ளையும் நூறு ஆவிகளைப் பிடித்துவிடலாம்.

கருவி விஞ்ஞானத்தின் உடை. அவ்வுடையை அணிந்த மாத்திரத்தால் எவரும் விஞ்ஞானி ஆகார். என்ன நிகழ்ந்தால் 'நம் கருத்துப் பிழை' என்று ஒப்புக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே கூறிவிட்டுத் தொடங்குவதே சோதனை. தொலைக்காட்சிப் பேய் ஆராய்ச்சியில் அப்படி ஒரு நிலை என்றுமே கிடையாது. முள் அசைந்தால் பேய் வந்தது. அசையாவிடின் பேய் இன்றிரவு பேச விரும்பவில்லை. தோற்கவே முடியாத இந்த ஆட்டத்துக்கு ஆராய்ச்சி என்று பெயரிடலாமா?

இங்கிலாந்திலும் இதே கதைதான். 'மோஸ்ட் ஹோன்டட்' என்னும் தொடர் 2002இல் அங்குத் தொடங்கியது. அதிற் பங்குகொண்ட உளவியலாளர் கீரன் ஓகீஃப், ஆவிகளோடு பேசுபவராகத் தோன்றிய டெரெக் அக்கோரா மீது ஐயங்கொண்டு ஓர் உபாயம் செய்தார். தாமே கற்பனையாகப் படைத்த 'கிறீட் கேஃபர்' என்னும் சிறைக்காவலனின் பெயரை அவர் காதில் விழும்படி செய்தார். பொட்மின் சிறையிற் படப்பிடிப்பு நிகழ்ந்தபோது அந்த இல்லாத மனிதனின் ஆவி அக்கோராவின் உடலிற் புகுந்து பேசியது! அப்பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம்மாற்றி அடுக்கினால், 'ஏமாற்றுக்காரர் டெரெக்' என்று பொருள்படும் சொற்கள் கிடைக்கும். ஓகீஃப் இதனை 2005இல் வெளியிட்டார். அதே ஆண்டின் இறுதியில் ஒளிபரப்பை மேற்பார்வை செய்யும் 'ஒஃப்கொம்' நிறுவனம் முறைப்பாட்டின்மீது தீர்ப்பளித்தது. அந்நிகழ்ச்சி பொழுதுபோக்கே, முறையான ஆராய்ச்சி அன்று, ஆகவே விதிமீறலும் இல்லை என்பதே அதன் சாரம்.

இத்தீர்ப்பை ஆசிரியர்கள் இருமுறை படிக்கவேண்டும். திரையிலே அதனை ஆராய்ச்சி என்பர்; அதனால் மக்கள் கூடுவர். கேள்வி எழுந்தால் பொழுதுபோக்கு என்பர். அதனாற் சட்டம் விலகும். ஒரே பண்டத்துக்கு இரண்டு பெயர்ச்சீட்டுகள்! அரிசியிலே கல் கலந்து விற்கும் வணிகன்கூட இத்தனை வசதி பெற்றவன் அல்லன்.

தமிழ்த் தொலைக்காட்சியும் இவ்வழியிற் பின்தங்கவில்லை. விஜய் தொலைக்காட்சியில் 'நடந்தது என்ன?' என்றும், ஜீ தமிழில் 'நம்பினால் நம்புங்கள்' என்றும் நிகழ்ச்சிகள் வந்தன. இரண்டாவது தலைப்பை எண்ணிப் பாருங்கள். பொறுப்பு முழுவதும் பார்ப்பவன் தலையில்! நம்பினால் அது உன் பாடு. நம்பாவிட்டாலும் பார்த்துவிட்டாய், விளம்பரக்காரனுக்கு அதுவே போதும்.

"வெறும் பொழுதுபோக்குத்தானே?"

"ஏன் இந்தச் சினம்? மக்கள் சற்று நேரம் பயந்து மகிழ்ந்துவிட்டுப் போகட்டுமே" என்று நல்ல நண்பர் சிலரும் கூறுவர். அவர்களுக்கு விடை கூறாமற் செல்வது முறையன்று.

நாம் மாயக்காட்சிக்குப் பகைவர் அல்லர். 1862ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இலண்டனில், அரச பல்தொழில்நுட்ப நிறுவனத்தின் அரங்கிலே ஜோன் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் ஆவியொன்றைத் தோற்றுவித்தார். ஹென்றி டேர்க்ஸ் என்பாரின் எண்ணத்தைச் செம்மைப்படுத்திச் செய்த வித்தை அது. சாய்த்து நிறுத்திய பெருங்கண்ணாடித் தகட்டிலே, சபையோருக்குத் தெரியாத பள்ளத்தில் ஒளியூட்டப்பட்ட நடிகனின் விம்பம் விழுந்தது. அவ்வளவே. கண்டவர் அஞ்சினர், வியந்தனர், கைதட்டினர். நுழைவுச்சீட்டு வாங்கியபோதே அது ஒளியின் வித்தை என்பதையும் அறிந்திருந்தனர். நம் முல்லைத்தீவின் கோவலன் கூத்தைக் காண்போரும், மேடையில் நிற்கும் பாண்டியன் நேற்று வயலில் நின்ற அயலவனே என்பதை அறிவர். அறிந்தும் விடியும்வரை அழுவர். கலை தன்னைக் கலையென்று கூறிக்கொண்டே நம்மை ஆட்கொள்கிறது. மொஸ் பீச்சின் ஒலிபெருக்கியோ தன்னை மறைத்துக்கொண்டால் மாத்திரமே வேலை செய்யும்.

அஞ்சி மகிழ்வதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்பதும் உண்மையன்று. 1992ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் இரவு பி.பி.சி. நிறுவனம் 'கோஸ்ட்வாட்ச்' என்னும் நாடகத்தை ஒளிபரப்பியது. முன்னரே படமாக்கியதை, பேய்வீடொன்றிலிருந்து வரும் நேரடி ஆராய்ச்சி போன்று, நாடறிந்த அறிவிப்பாளர்களைக் கொண்டே நடத்திக்காட்டினர். சில நாட்களில் 18 வயது இளைஞன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். அந்நிகழ்ச்சியின் தாக்கமே காரணம் என்று பெற்றோர் முறையிட்டனர். அச்சவுணர்வை வேண்டுமென்றே வளர்க்க முயன்றதாக 1995இல் ஒளிபரப்புத் தராதர ஆணைக்குழு அந்நிகழ்ச்சியைக் கண்டித்தது. அறிவு நிலையங்களும் நூலகங்களும் மலிந்த நாட்டிலேயே இந்நிலை எனின், மற்ற இடங்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

பேய் வாணிபம் எங்கே தழைக்கிறது?

பேய் வாணிபம் பெருஞ்சாவின் பின்னால் வரும். இதனை வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது.

1848இல் நியூயோர்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் கிராமத்தில் ஃபொக்ஸ் சகோதரிகள் இருவர், ஆவிகள் தட்டி விடை கூறுவதாகக் காட்டினர். 1888இல் அவர்களுள் ஒருவரான மார்கரெட், நியூயோர்க் நகர மேடையிலே பல்லாயிரம் கண்களின் முன்னே, அத்தட்டல் தம் காற்பெருவிரல் மூட்டின் ஓசையே என்று செய்து காட்டினார். இடைப்பட்ட 40 ஆண்டுகளில் அவ்வாவிமார்க்கம் கண்டங்களைக் கடந்து பரவிவிட்டது. எதனாற் பரவியது? 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரர் மாண்டனர். பலரின் உடல் ஊர் வந்து சேரவில்லை. எங்கே விழுந்தான், எங்கே புதைந்தான் என்று அறியாத தாய்மார் ஆவியோடு பேசுவோரின் வாசலில் நின்றனர். வில்லியம் மம்லர் என்னும் நிழற்படக்காரர், உயிரோடிருப்பவரின் படத்துக்குப் பின்னால் இறந்தவரின் மங்கலான உருவம் தோன்றுமாறு படம் எடுத்து விற்றார். 1869இல் நியூயோர்க்கில் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது; போதிய சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டார். பின்னர், கொலையுண்ட ஆபிரகாம் லிங்கனின் மனைவியும் அவரிடம் சென்று, கணவரின் நிழல் தோளிற் கைவைத்திருக்கும் படத்தைப் பெற்றுச் சென்றார். நாட்டுத்தலைவரின் மனைவியானாலும் துயரம் அதே வாசலுக்கே இழுத்துச் செல்கிறது.

இவற்றையெல்லாம் நாம் ஏன் கூறுகிறோம் என்பதை வன்னி வாசகர் இந்நேரம் உணர்ந்திருப்பர்.

நம் ஊர்களிலும் பழைய பேய்கள் இருந்தன. குளக்கட்டுப் புளியிலே முனி இருந்தது. சுடலைப் பக்கம் இரவிற் போகலாகாது என்றனர். சதுப்பிலே எரிந்தணையும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பேய் என்றனர். மக்கும் பொருள்களிலிருந்து எழும் வாயுவே அவ்வொளிக்குக் காரணம் என்று விஞ்ஞானம் விளக்குகிறது. இருட்டும் காடும் தனிமையும் பெற்ற பேய்கள் அவை. அவற்றை எவரும் சீட்டுக் கிழித்து விற்கவில்லை. போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரம் இருக்கவில்லை. போத்தல் விளக்கிலே படித்தோம். மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மின்சாரம் வந்தால் முனியும் கொள்ளிவாயும் ஓடிவிடும் என்று எண்ணினோம். அவை ஓடின. மின்சாரம் இல்லாமல் வாழவே முடியாத புதிய பேய்கள் அந்த இடத்திற் குடியேறின.

அப்பேய்கள் வந்திறங்கிய மண் எத்தகையது? 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, உயிரோடு திரும்பியவர்களும் திரும்பாதவர்களைத் தேடுபவர்களும் வாழும் மண். படையினரிடம் கையளித்த பிள்ளை எங்கே என்று கேட்டு, 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். நான்கு நாட்களின் பின் வவுனியாவிலும் அமர்ந்தனர். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த பெற்றோருட் பலர், விடை கிடைக்காமலே கண்மூடிவிட்டனர். இத்தாய்மாருட் சிலர் சாத்திரியிடம் போகின்றனர், குறி கேட்கின்றனர், மை போட்டுப் பார்ப்பவனிடம் "பிள்ளை உயிரோடு இருக்கிறானா?" என்று கேட்டுக் காணிக்கை வைக்கின்றனர். அவர்களை நாம் ஒருபோதும் பழியோம். அலுவலகங்கள் விடை மறுத்தமையாலேயே அவர்கள் அவ்வாசலுக்குச் சென்றனர். விசாரணை மறுக்கப்பட்ட இடத்திலே போலி விசாரணை கடை விரிக்கிறது. பழிக்கத்தக்கவர் விடையை மறுப்பவரும், மறுக்கப்பட்ட விடையை விலைக்கு விற்பவருமே.

மர்மம் என்னும் சொல் யாருக்குப் பயன்படும் என்பதை 2011 ஓகஸ்டிலும் கண்டோம். மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும் 'கிறீஸ் பூதம்' என்னும் பீதி பரவியது. உடலிலே கிறீஸ் பூசியவர்கள் இரவிற் பெண்களைத் தாக்குவதாக மக்கள் கூறினர். துரத்தியபோது அவர்கள் படைமுகாம்களினுள் மறைந்தனர் என்றும் கூறினர். அரசாங்கம் அதனை மறுத்தது. கிண்ணியாவில் மோதல் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டுத் தாக்கப்பட்டனர். புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். ஆனால், அவ்விரவுகளில் ஓடியவர் யார் என்னும் வினாவுக்கு மக்கள் ஏற்கத்தக்க விடை கிடைத்ததா? பூதத்துக்குப் பெயர் இல்லை, முகவரி இல்லை, அதனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவும் இயலாது. பூதம் என்று பெயரிட்டவுடனே மனிதன் தப்பிவிடுகிறான்.

ஒரு விஞ்ஞான ஆசிரியரின் வழி

உண்மையான ஆராய்ச்சி எப்படியிருக்கும் என்பதற்கு நாம் கடல்கடந்து செல்லவேண்டியதில்லை. கேரளத்தின் திருவல்லாவில் 1898இற் பிறந்து, இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே தாவரவியல் கற்பித்த டாக்டர் ஆபிரகாம் கோவூர் நம்மிடையே வாழ்ந்தவர். கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து 1959இல் ஓய்வு பெற்றபின், இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்து பேய்வீடு என்று அழைக்கப்பட்ட வீடுகள் பலவற்றுக்குச் சென்றார். அங்கே அவர் விளக்கை அணைக்கவில்லை. வீட்டாரோடு ஒவ்வொருவராகப் பேசினார். கல் எறிந்த கை எது, அக்கைக்குரியவரின் மனத்துயர் எது என்று தேடினார். அவர் கண்டவை பெரும்பாலும் பேசமுடியாமல் வாழ்ந்த மனிதரின் வேதனைகள். கண்டபின் அம்மனிதரை ஊர்முன் நிறுத்தி அவமதிக்காமல், சிகிச்சை அளித்தார்.

1963இல் அவர் ஓர் அறைகூவலும் விடுத்தார். ஏமாற்ற இடமில்லாத நிலைமைகளில் அதீத சக்தியை மெய்ப்பித்துக் காட்டுவோருக்கு 100,000 ரூபா! 1978இல் அவர் மறையும்வரை எவரும் அப்பணத்தை வெல்லவில்லை. இவ்வறைகூவலின் சிறப்பு பணத்தொகையில் இல்லை. 'இன்னது நிகழ்ந்தால் நான் தோற்றேன்' என்று ஒரு மனிதர் பகிரங்கமாக எழுதி வைத்தார் என்பதே அதன் சிறப்பு. தொலைக்காட்சியின் பேய் வேட்டைக்காரருள் அப்படி எழுதி வைத்தவர் யார்? தம் இறப்பின் பின் கண்களை வங்கிக்கும், உடலை மருத்துவ மாணவருக்கும், எலும்புக்கூட்டைத் தேர்ஸ்டன் கல்லூரி ஆய்வுகூடத்துக்கும் அளிக்குமாறு கோவூர் எழுதி வைத்தார். எலும்பைக் கண்டு அஞ்சாமல் எலும்பிலிருந்து கற்கும்படி பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் விட்டுச்சென்ற கடைசிப் பாடம் அது.

எலும்பிலிருந்து கற்கவேண்டிய பாடம் வன்னியிலும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில், குடிநீர்க் குழாய் பதிக்க நிலம் தோண்டிய தொழிலாளர் மனித எச்சங்களைக் கண்டனர். அமெரிக்காவிலே குழாய்த் தொழிலாளர் இருவர் பேயைத் தேடிச் சென்று புகழ் பெற்றனர். இங்கே குழாய் வேலை செய்தோர், தேடாமலே, புதைக்கப்பட்டிருந்த உண்மையின்மீது மண்வெட்டியை இட்டனர். நீதிமன்றக் கட்டளையின்படி, சட்ட மருத்துவரும் தொல்லியலாளரும் பகல் வெளிச்சத்தில், தூரிகையும் அளவுநாடாவும் கொண்டு, அங்குலம் அங்குலமாக அகழ்ந்தனர். 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. எண்ணிட்டனர், துணியையும் பொருள்களையும் பதிந்தனர். ஆராய்ச்சி என்னும் சொல்லுக்கு உரிமையுள்ள வேலை அது. அது மெதுவாக நடக்கும், பணம் ஒதுக்கப்படாவிட்டால் நிற்கும், அதற்கு அச்சமூட்டும் பின்னணி இசை கிடையாது, விளம்பரதாரரும் கிடையார். அந்த 52 பேரும் பேய்கள் அல்லர். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அப்பெயரைத் திருப்பிக் கொடுப்பதே விசாரணையின் முடிவு. இனி அதுவே நிகழவேண்டியது.

ஆகவேதான் இச்சொல்லுக்காகச் சண்டையிடுகிறோம். பச்சை இருட்டிலே ஓடித்திரிவதுதான் விசாரணை என்று நம் பிள்ளைகள் பழகிவிட்டால், நாளை மெய்யான விசாரணையின் அறிக்கை கையில் வரும்போது அது அவர்களுக்குச் சலிப்பூட்டும் காகிதமாகத் தோன்றும். முள்ளிவாய்க்காலிலும் மாத்தளனிலும் ஆவி உலவுகிறது என்று ஒருவன் கருவியோடு வந்து படமெடுத்தால், பார்க்கக் கூட்டம் கூடும். யார் கொன்றது என்னும் கேள்வி அக்கூட்டத்தின் காலடியில் நசுங்கும். போரின் சின்னங்களைப் பார்க்க வெளியூரார் பேருந்துகளில் வந்திறங்கியதையும், கிளிநொச்சியில் சாய்ந்துகிடந்த நீர்த்தாங்கியின் அருகே நினைவுப்பொருட் கடை நடந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். அடுத்த கடை எதுவாக இருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

செய்யவேண்டியது யாது?

ஆசிரிய நண்பர்களே! பேயை நம்பாதே என்று வகுப்பறையிற் பிரசங்கம் செய்வதாற் பயன் சிறிது. மொஸ் பீச் அதனைக் காட்டிவிட்டது, அம்பலப்படுத்துவதையும் விற்றுவிடுவார்கள். பிள்ளையின் கையிலே முறையைக் கொடுப்போம். பாடசாலை விஞ்ஞான மன்றத்தில் ஒரு கண்ணாடித் தகட்டை 45 பாகை சாய்த்து நிறுத்தி, மறைவில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, நீர் நிறைந்த குவளைக்குள் சுடர் எரியக் காட்டுவோம். பெப்பரின் ஆவியைப் பிள்ளைகளே செய்யட்டும். விளக்குமாற்றாற் புழுதி கிளப்பி, இருட்டிலே கைத்தொலைபேசியாற் படமெடுக்கட்டும். மோட்டரின் அருகே திசைகாட்டியைப் பிடித்து முள் அசைவதைப் பார்க்கட்டும். செய்யத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கடினம்.

மாணவ நண்பர்களே! 'ஆராய்கிறோம்' என்று எவர் வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒளியிலே செய்வீரா? எது நிகழ்ந்தால் தோல்வியை ஒப்புவீர்? உம்முடைய சோதனையை நாங்களும் செய்து பார்க்கலாமா? இதனால் வரும் பணம் யாருக்கு? பேய் வேட்டைக்காரனிடம் மாத்திரமன்று, அரசாங்கத்தின் ஆணைக்குழுவிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். இரகசிய அமர்வும் முடிவில்லா ஒத்திவைப்பும் வெளிவராத அறிக்கையும் விளக்கை அணைத்துவிட்டுத் தேடும் அதே வித்தையின் வேறு வடிவங்களே.

ஒருபுறம் இல்லாததைத் தேடுவோருக்குக் கருவியும் ஒளிபரப்பும் விளம்பரப் பணமும் கிடைக்கின்றன. மறுபுறம், பெற்று வளர்த்த பிள்ளையைத் தேடும் தாய் தெருவோரக் கொட்டிலில் வெயிலிலும் மழையிலும் இருக்கிறாள். எந்தத் தேடலுக்கு நம் கண்களையும் காலத்தையும் கொடுக்கப்போகிறோம் என்பதை ஒவ்வோர் இரவும், கைத்தொலைபேசியைத் திறக்கும்போதே, நாம் தீர்மானிக்கிறோம். அத்தாயின் பக்கம் நின்று தீர்மானிப்போம்.